கல்லில் இடம் மாறிய மச்சம்

இனி மாதனூர்ப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று ஆம்பூர் பெயிண்டர் தானியேல் தீர்மானம் செய்துகொண்டான். போனவள் தானாகப் போனாள். வருகிறவளும் தானாக வரட்டும். தீர்மானம் கெட்டியாகத்தான் இருந்தது. தானியேல்தான் கெட்டியாக இல்லை. சோறு குழைந்தாலும் அவள் ஞாபகம், தீய்ந்தாலும் அவள் ஞாபகம். இரண்டில் ஒன்று தினமும் தவறாமல் நடந்தது.

சண்டை சின்னதுதான். “ஊர்ல இருக்கிற கடைக்கெல்லாம் படம் போடுறீங்க, என்ன ஒண்ணு போடக்கூடாதா?” என்று மனைவி சவுரியம்மாள் ஆசையாகக் கேட்டாள். “தினம் பாக்குற மூஞ்சி. அதுல வரையறதுக்கு இன்னா இருக்குது?” என்றான் இவன். பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு மாதனூரில் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். கோபித்துக்கொண்டு போனவளைப் புருஷன் மாமனார் வாசலில் நின்று கூப்பிட்டால்தான் அனுப்புவார்கள். அந்த வாசலில் நிற்பதை நினைத்தாலே தானியேலுக்குக் கழுத்து வலித்தது.

அந்தச் சமயம் பார்த்து ஆவாரம்பட்டை மண்டி துரைசாமி, தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் போகும் மூட்டைகளில் ஒட்ட ஒரு லேபிள் கேட்டார். கையில் ஆவாரங்கொத்தோடு ஒரு பெண், மேலே மண்டியின் பெயர். வேலூரில், கல்லில் வரைந்ததைத் தாளில் அச்சடிக்கும் கல்லச்சு வைத்திருந்த ஜியாவுல்லா சின்னக் கல்லாகப் பார்த்துக் கொடுத்தார். “கல்லுல எல்லாத்தையும் இடம் வலம் மாத்திப் போடணும், தோஸ்த். அப்பத்தான் காயிதத்துல நேரா விழும்” என்று சொல்லியனுப்பினார்.

கல்லைப் பார்த்ததும் தானியேலுக்கு ஒரு தந்திரம் தோன்றியது. யாரோ ஒரு அழகியை வரைய வேண்டும். சேதி சவுரியின் காதுக்குப் போக வேண்டும். வயிறு எரிந்து அவள் ஓடி வருவாள். அடுத்த வீட்டு மஹ்பூபி மாதனூர் வரை வளையல் விற்கப் போகிறவள்.

“ஒரு பொண்ண வரைஞ்சிக்கினு இருக்கேன், மஹ்பூபி. யாருகிட்டயும் சொல்லாத.”

“யாருண்ணே அது?”

“அத மட்டும் கேக்காத.”

“எனக்கெதுக்கு ஊர் வம்பு?” என்ற மஹ்பூபி, வளையல் கூடையை அப்போதே தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அழகிதான் வரவில்லை. மூக்கு போட்டால் அது சவுரியின் மூக்காக இருந்தது. சுரண்டிவிட்டு உதடு போட்டால், கோபத்தில் லேசாகச் சுளிக்கும் அதே உதடு. கடைசியில் தானியேல் தோற்றுப்போய், இடது கன்னத்து மச்சத்தையும் வைத்துவிட்டான். வைத்தபின் கல்லை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்திருந்தான். அவளில்லாத வீடு அன்றைக்குத்தான் கொஞ்சம் வீடாக இருந்தது.

ஜியாவுல்லா ஒரு மெல்லிய தாளில் புரூஃப் எடுத்தார். எடுத்தவர் சிரித்தார்.

“எழுத்தெல்லாம் கச்சிதமா மாத்திட்ட. படத்துல இருக்குற அம்மாவ மட்டும் அப்படியே வுட்டுட்டியே. பூ இடது கையில, மாராப்பு வலது தோள்ல. புரூஃப்லயே திருத்திக்க. ஆயிரம் அடிச்ச பொறவு பேஜாரு.”

தானியேலுக்கு மனம் துள்ளியது. மச்சமும் வலது கன்னத்துக்குப் போயிருந்ததே. சவுரி கேட்டால் வேறு பெண் என்று தைரியமாகச் சொல்லலாம். எதையும் திருத்தாமல் புரூஃப் தாளை வீட்டுக்கு எடுத்து வந்தான்.

மறுநாளே அவள் வந்து நின்றாள். கொஞ்சம் இளைத்திருந்தாள்.

“யாரவ?” என்றாள், தாளைக் கையில் எடுத்து.

“யாரோ. நீ இல்ல. உன் மச்சம் இடது பக்கம், இவளுக்கு வலது பக்கம்.”

“அது சரி. எழுத்து ரொம்ப அழகா விழுந்திருக்குதே.”

புகழ்ச்சி என்றால் தானியேலுக்குத் தலைகால் தெரியாது. “லேசுல விழுமா? கல்லுல அத்தனையும் திருப்பிப் போடணும். எம்மாம் கஷ்டம் தெரியுமா?”

“எழுத்தத் திருப்பிப் போட்டீங்க. மூஞ்சிய?”

அவன் வாய் திறப்பதற்குள் சவுரியம்மாள் தாளின் பின்புறத்தைத் தன் பக்கம் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். எழுத்து தாறுமாறானது. பூ வலது கைக்கு வந்தது, மாராப்பு தோள் மாறியது, மச்சம் அதன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது.

“இப்ப சொல்லுங்க. யாரவ?”

“நீதான்” என்றான் தானியேல். “வேற மூஞ்சி கைக்கு வரல, சவுரி. நீ இல்லாம எனக்கு எதுவுமே சரியா வரல.”

அவள் கண் கலங்கியது. ஆனாலும் விடவில்லை. “இத எங்கப்பா வாசல்ல வந்து சொல்லுவீங்களா?”

“ஞாயித்துக்கெழம மாதா கோயில் முடிஞ்ச கையோட வர்றேன். சத்தியமா வர்றேன்.”

வெளியே வண்டிக்காரன் காசி குரல் கொடுத்தான். “யம்மா, பெட்டியும் பாயும் எறக்கிடவா? எம்மாம் நேரந்தான் மாடு நிக்கும்?”

தானியேல் எட்டிப் பார்த்தான். வண்டியில் அவள் கொண்டுபோன பெட்டி, பாய், சேவல் உட்பட எல்லாம் திரும்பி வந்திருந்தன. இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடியிருந்தால் ஜெயித்திருப்பான்.

“எறக்கு, காசி” என்றாள் சவுரியம்மாள்.

“அப்ப ஞாயித்துக்கெழம?”

“சத்தியம் பண்ணியிருக்கீங்களே.”

ஞாயிற்றுக்கிழமை தானியேல் மாதனூரில் மாமனார் வாசலில் கைகட்டி நின்று, ஆம்பூரில் தன் வீட்டு அடுப்படியில் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்த பெண்டாட்டியைத் தன்னோடு அனுப்பிவைக்கும்படி கெஞ்சிக் கேட்டுக்கொண்டான்.