சனிக்கிழமை பெட்ரோல் வாடையும் மூக்கு பாயும்

மூக்கால் பிழைத்தவர்கள் உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கலாம். எங்கள் காரைக்கால் மூக்கு பாய்க்கு முன்னால் அத்தனை பேரும் ஜலதோஷக்காரர்கள். இதை நான் எந்தச் சபையிலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

பாய் கார் மெக்கானிக். திருநள்ளாறு ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. வண்டி வந்து நின்றால் பானெட்டைத் திறக்கவே மாட்டார். பின்பக்கம் போய், புகைக்குழாய்க்கு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி ஒரே ஒரு இழுப்பு. "ஆயில் எரியுது. பிஸ்டன் ரிங்கு போச்சு" என்பார். பிரித்துப் பார்த்தால் ரிங்கு போயிருக்கும்.

அந்த மூக்கை அவர் காப்பாற்றிய கதை தனி. பீடி பிடிக்கிறவன் கொட்டகைப் பக்கமே வரக்கூடாது. ஒருமுறை பட்டினச்சேரியில் ஒரு வண்டி நின்றுபோய்க் கூப்பிட்டார்கள். அங்கே கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. பாய் மூக்கில் துண்டைச் சுற்றிக்கொண்டு போய், வண்டியை ஊர் எல்லைக்குத் தள்ளிவரச் சொல்லித்தான் தொட்டார். பெருநாளுக்குக்கூட அத்தர் பூசாத மனுஷர். ஒரு கல்யாண மாப்பிள்ளை அத்தரிலேயே குளித்துவிட்டு வந்து நிற்க, "தள்ளி நில்லுங்க மாப்ள, ஒங்க புண்ணியத்துல எனக்கு அரை நாள் பொழப்பு போச்சு" என்று கொட்டகையைச் சாத்திவிட்டார்.

எழுபதுகளின் கடைசியில் நான் ஒரு பழைய டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தேன். காரைக்காலில் ஒரு லாட்ஜ். அதன் மேனேஜர் சனிக்கிழமைதோறும் பயணிகளை என் வண்டியில்தான் திருநள்ளாறு கோயிலுக்கு அனுப்புவார். வாரம் முழுக்க என் வீட்டு அடுப்பு எரிந்தது அந்த ஒரு நாளால்தான்.

அதில் மண் விழுந்தது. புகைக்குழாயிலிருந்து பச்சைப் பெட்ரோல் வாடை குபுகுபுவென்று வந்தது. சனிக்கிழமை மட்டும். மற்ற நாளில் மருந்துக்கும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். பாய் மோந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. இருந்தும் பிளக்கைத் துடைத்தார், ஏர் பில்டரைத் தட்டினார், கார்புரேட்டரைக் கழற்றி ஊதி மாட்டினார். "இனி வந்தா என்னைய கேளு" என்றார். அடுத்த சனிக்கிழமை ஒரு அம்மாள் வழியெல்லாம் வாந்தி. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "அடுத்த வாரமும் இப்படின்னா வேற வண்டி பாத்துக்கறேன்" என்று முடித்துவிட்டார்.

சேதி கேட்ட பாய்க்கு முகம் செத்துப்போனது. "வர்ற சனிக்கெழம நானும் வர்றேன்."

வந்தார். முன்சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டி, திருநள்ளாறு வரை காற்றை மோந்துகொண்டே வந்தார். கோயில் பக்கம் நிறுத்தியதும், "அணைக்காத" என்று இறங்கி ஓடி, அத்தனை கூட்டத்துக்கு நடுவில் புகைக்குழாய் முன்னால் சப்பணம் போட்டுவிட்டார். வெளியூர்ப் பெரியவர் ஒருவர் என்னிடம், "இது எந்தத் தோஷத்துக்குப் பரிகாரங்க?" என்று பயபக்தியோடு கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவரும் பாய்க்குப் பின்னால் உட்கார்ந்து கண்ணை மூடிவிட்டார்.

"பாதி எரிஞ்ச பெட்ரோலு. சோக்கு தொறந்திருக்கு" என்று பாய் எழுந்து வந்தார். சோக்கு என்பது குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பக் கூடுதலாகப் பெட்ரோல் விடுகிற சமாசாரம். அதன் குமிழ் டிரைவருக்கு எதிரே இருக்கும். கிளம்பியதும் உள்ளே தள்ளிவிட வேண்டும். நான் தள்ளித்தான் இருந்தேன்.

ஆனால் அந்தக் குமிழில் ஒரு பை தொங்கியது. நாலு தேங்காய், பழம், நல்லெண்ணெய். சனிக்கிழமைப் பயணிகளின் அர்ச்சனைப் பை. சாமி சாமானைக் காலடியில் வைக்கலாமா? பாவம் இல்லையா? அதனால் வாராவாரம் நானே வாங்கிப் பக்தியோடு மாட்டிவிடுவேன். அது மேடு பள்ளத்தில் ஆடி ஆடிச் சோக்கை வெளியே இழுத்திருக்கிறது. பாய் பையைக் கழற்றிக் குமிழைத் தள்ளினார். பின்னால் போய் ஒரு இழுப்பு. வாடை போயே போய்விட்டது.

காரைக்கால் திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே பயம். பாயின் வாய் ஊரறிந்தது. "வண்டி நல்லாத்தான் இருக்கு, ஓட்டுறவன்தான் சரியில்ல" என்று நாலு பேர் நடுவில் போட்டு உடைப்பவர். தேங்காய்ப் பையால் பயணிகளை வாந்தியெடுக்க வைத்தவனுக்கு எந்த மேனேஜர் ஆள் அனுப்புவார்?

லாட்ஜ் வாசலிலேயே மேனேஜர் நின்றார். "யார் பண்ண கோளாறு?"

பாய் முண்டாசை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "என் தப்புதாங்க. கார்புரேட்டரை நான் சரியா மாட்டல. புள்ள மேல குத்தம் இல்ல. இனிமே வராது."

தன் வேலை தப்பு என்று அந்த மனுஷர் சொல்லி ஊரில் ஒருத்தரும் கேட்டதில்லை. கொட்டகைக்குத் திரும்பும்போது, "ஏன் பாய் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். "என்கிட்ட நாளைக்கும் நாலு வண்டி வரும். ஒனக்கு இருக்கறது இது ஒண்ணு" என்றார்.

அதற்கப்புறம் பல வருஷம் அந்த மேனேஜர், "மூக்கு பாயே ஒரு தடவ ஏமாந்தாரு தெரியுமா?" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். பாய் மறுத்ததே இல்லை. பிழைப்புக்குப் பயந்து நானும் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்காவது சொல்லிவிடுகிறேன்: பாய் ஏமாறவில்லை. அந்தப் பையை மாட்டியவன் நான்.