நானூறா, ஐநூறா?

சர்வர் தருகிற நம்பரைப் பரீட்சை மார்க் என்று நினைத்துக்கொண்டு நான் வேலை பார்த்திருக்கிறேன். திருப்பதியில் ஒரு ஸ்கேன் சென்டரில் மேனேஜர் உத்தியோகம். எடுத்த படங்களை எஃப்.டி.பி. என்கிற கம்ப்யூட்டர் தபால் வழியாகச் சென்னை டாக்டரின் சர்வருக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அது மூன்று இலக்க நம்பர் ஒன்றைப் பதிலாகத் தரும். ஒரு நாள் 550 வந்தது. அதுவரை பார்த்ததிலேயே பெரிய நம்பர். உடனே டாக்டருக்குப் போன் போட்டு, படம் பிரமாதமாக வந்து சேர்ந்திருக்குமே என்றேன். அங்கே ஒன்றுமே போய்ச் சேரவில்லை.

மறுநாள் கம்ப்யூட்டர் நாற்காலியிலிருந்து என்னைக் கிளப்பியவர், 'நானூறு' என்று பிற்பாடு நாங்கள் பட்டப்பெயர் வைத்த ஆள். அனுப்புகிற வேலை அவருடையது. நான் கை வைத்த அன்று அவருக்கு லீவு. புத்தூர்க்காரர். சித்தூர் ஜில்லாவிலேயே 'முடியாது' என்ற சொல் காதில் ஏறாத ஒரே ஆள்.

"இருநூறுல வந்தா வேலை முடிஞ்சிது. நானூறுன்னா இப்ப ஆவாது, அப்பால கேளு. ஐநூறுன்னா எத்தினி தபா கேட்டாலும் அதே பதிலுதான். இதுகூடத் தெரியாமயா மேனேஜரா குந்திக்கினு இருக்க?"

உலகத்தையே இந்த மூன்று டப்பாவில் பிரித்து வைத்திருந்தார். ஓட்டலில் பொங்கல் தீர்ந்துவிட்டது என்றால், அடுத்த பானை அடுப்பில் இருக்கிறதா என்று தெலுங்கில் விசாரிப்பார். இருந்தால் நானூறு, அசையாமல் உட்கார்ந்துவிடுவார். எம்.ஆர்.ஓ. என்கிற தாசில்தார் ஆபீசில் 'ரேப்பு ரா', நாளைக்கு வா என்று விரட்டினால் மற்றவர்கள் திட்டிக்கொண்டே திரும்புவார்கள். இவர் மட்டும் பாஸான பையன் மாதிரி வெளியே வருவார்.

நாகலாபுரத்தில் பெண் கேட்டுப் போனபோது, 'இப்போதைக்கு இல்லை' என்று பெண்ணின் அப்பா மரியாதைக்குச் சொல்லியிருக்கிறார். இவர் வெள்ளிக்கிழமைதோறும் போய்க் கேட்டார். தொல்லை தாங்காமல் கொடுத்துவிட்டார்கள். அப்படி வந்தவர்தான் செல்வி அண்ணி.

போன வருஷம் நானூறே வயிற்றுவலி என்று எங்கள் மெஷினிலேயே வந்து படுத்தார். அனுப்ப வேறு ஆள் இல்லை. நானே அனுப்பினேன். 226 வந்தது, முழுசாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. வாழ்க்கையில் நான் ஒழுங்காக அனுப்பிய முதல் படம் அதுதான். டாக்டர் என்னைப் போனில் கூப்பிட்டார். கான்சர் கல்லீரல் முழுக்கப் பரவிவிட்டது, இனி ஆபரேஷனுக்கும் வழியில்லை என்றார்.

வெளியே பெஞ்சில் நானூறு அண்ணியோடு உட்கார்ந்திருந்தார்.

"நானூறாப்பா, ஐநூறா?"

"நானூறுதாண்ணே" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். "அப்ப இன்னொரு தபா அனுப்பு."

உள்ளே போய் அதே படங்களை மறுபடி அனுப்பினேன். மறுபடியும் 226. வாரத்துக்கு நாலு தரம் மக்கர் பண்ணுகிற சர்வர், அன்றைக்குப் பார்த்து ஒழுங்காக வேலை செய்தது.

அதற்கப்புறமும் அவர் ஓட்டலுக்கு வந்தார், அடுத்த பானைக்காகக் காத்திருந்தார். பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிக்க ஆள் சொல்லி வைத்தார். வெள்ளையடித்த வீட்டில் அவர் இல்லை.

காரியத்தன்று புத்தூரில் அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்:

"நீ வெளிய வரசொல்லவே உன் மூஞ்சில அவருக்குத் தெரிஞ்சிபோச்சிப்பா. வேற யார கேட்டாலும் நெஜத்த சொல்லிடுவாங்கன்னுதான் உன்ன கேட்டாரு."