பரங்கிக்காய்களுக்கு நடுவே என் நாற்காலி

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

விஸ்கான்சினிலிருந்து உன் தம்பி மெர்ல் எழுதுவது. இங்கே என் வீட்டுக்காரி லெனோர் சுகம். வராந்தாவில் இருக்கும் பரங்கிக்காய்கள் அவளைவிடச் சுகம். காலையிலும் மாலையிலும் ஈரத்துணியால் அவற்றுக்கு உடம்பு துடைத்துவிடுகிறாள். மினசோட்டாவில் நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும், உன் முட்டிவலி இந்தக் குளிருக்குள் தீர வேண்டும். என் சுகத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்திருப்பது கார் ஷெட்டில், கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவின்மேல். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

எல்லாவற்றுக்கும் நீதான் காரணம். சும்மா இருந்தவளுக்கு உன் வீட்டு வராந்தாவைப் படம் பிடித்து அனுப்பினாயே, அது உனக்குத் தேவையா? நாத்தனார் வீட்டுப் படியில் அத்தனை பரங்கிக்காய் இருந்தால் தன் வீட்டுப் படியில் எத்தனை இருக்க வேண்டும் என்று அன்றைக்கே அவள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். நானோ வாழ்நாள் முழுக்கப் பால் லாரி ஓட்டியவன். எப்போதும் உட்கார்ந்துதான் இருந்தேன், ஆனால் உட்கார்ந்த இடம் ஓடிக்கொண்டே இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு நகராத ஒரு நாற்காலியில், என் வீட்டு வராந்தாவில், கையில் காபியோடு இந்த இலையுதிர் காலத்தைக் கழிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் என் ஆசை. அதற்குமேல் நான் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

செப்டம்பர் பாதியில், வெயில் இன்னும் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும்போதே, இலையுதிர் காலம் வந்துவிட்டது என்று சொல்லி எனக்குக் கம்பளிச் சட்டை மாட்டி, பரங்கித் தோட்டத்துக்கு இழுத்துப் போனாள். அங்கே நாமே வயலில் இறங்கி, நாமே காயைப் பறித்து, நாமே சுமந்து வந்து, அதற்கு நாமே விவசாயிக்குப் பணமும் கொடுக்க வேண்டும். நம் அப்பா அறுவடைக்கு ஆள் கூப்பிட்டால் ஊரே ஓடி ஒளியும், ஞாபகம் இருக்கிறதா? இப்போது அதே வேலைக்கு வந்தவர்களின் கார் நிறுத்த இடமில்லை. அவர் முப்பது வருஷம் முன்கூட்டியே பிறந்துவிட்டார், அதுதான் அவர் செய்த தப்பு. நான் ஒரு நல்ல காயாகப் பார்த்துக் காம்பைப் பிடித்துத் தூக்கினேன். காம்பு மட்டும் கையோடு வந்தது. சுற்றி நின்ற பெண்கள் எல்லாம் நான் ஏதோ குழந்தையைக் கீழே போட்டதைப் போலப் பார்த்தார்கள்.

"காம்பு இல்லாத காயை எவளாவது வாசல்ல வைப்பாளா? மூக்கறுந்த மாதிரி இருக்கும்" என்றாள் லெனோர்.

"சரி விடு, சமைச்சுடலாம்."

"இதையா? இது பாக்குறதுக்கு, மெர்ல். திங்கிறது டின்ல வருது."

வராந்தா நிறையக் காயை வைத்துக்கொண்டு, கடையில் டின் பரங்கி வாங்கி அவள் 'பை' பலகாரம் சுட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அடுத்து அலங்காரம். அக்கா, இந்த அலங்காரத்தின் சூட்சுமம் உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. காய்கள் தானாக உருண்டு வந்து நின்ற மாதிரி இருக்க வேண்டுமாம். தானாக உருண்டு வந்ததுபோல் அவற்றை நிறுத்த அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது. நடுவில் நான் பல வருஷமாக வைத்திருந்த துருப்பிடித்த தள்ளுவண்டியை, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று குப்பைக்காரனிடம் தூக்கிக் கொடுத்தாள். பிறகு கடைக்குப் போய், துருப்பிடித்த மாதிரி பெயிண்ட் அடித்த புதுத் தள்ளுவண்டி ஒன்றை வாங்கி வந்தாள். அதில் சாமந்தித் தொட்டியை ஏற்றினாள். அடுத்த நாள் நான் வெளியே போய்விட்டுத் திரும்பும்போது படியில் ஒரு கூடை கவிழ்ந்து கிடந்தது. குட்டிப் பரங்கிக்காய்களும் மரு முளைத்த சுரைக்காய்களும் நாலு பக்கமும் சிதறிக் கிடந்தன. பாவம், அணில் தட்டிவிட்டிருக்கிறது என்று நினைத்து, என் முதுகுவலியையும் பார்க்காமல் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையை நிமிர்த்தி அழகாக அடுக்கி வைத்தேன். பாராட்டுவாள் என்று உள்ளே போய் வேறு சொன்னேன். அவள் வெளியே வந்து பார்த்துவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"காலையிலேர்ந்து செதற விட்டது மெர்ல் அது. நீ ஒண்ணும் செய்யாம இருக்கறதுக்கு என்ன வேணும்னு சொல்லு, தர்றேன்."

"என் நாற்காலி வேணும்" என்றேன்.

நாற்காலி இருந்தது, அக்கா. அதில் ஆள் இருந்தது. சோளத்தட்டைகளுக்கும் வைக்கோல் கட்டுகளுக்கும் நடுவே, என் நாற்காலியில், என் கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு சோளக்கொல்லை பொம்மை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. எங்கள் தெருச் சங்கம் வராந்தா அலங்காரப் போட்டி வைத்திருக்கிறது. எதிர்வீட்டு கிளெண்டா மூன்று வருஷமாக முதல் பரிசு நீல ரிப்பனை வாங்கிக் கதவில் மாட்டிவைத்து லெனோரின் வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறாள். அதனால் வராந்தாவில் மனுஷன் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் அழகு கெட்டுவிடும் என்று உத்தரவு. தெருவில் போகிறவர்கள் பொம்மைக்குக் கையசைத்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் அசைத்ததில்லை.

நேற்று லெனோர் இன்னும் சாமந்தி வாங்கப் போயிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. பொம்மையைத் தூக்கிக் கார் ஷெட்டில் போட்டேன். என் சட்டையை அதனிடமிருந்து பிடுங்கி, ஒட்டியிருந்த வைக்கோலோடு மாட்டிக்கொண்டேன். அதன் ஓலைத் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு என் நாற்காலியில் சாய்ந்தேன். அக்கா, அந்தச் சுகத்தை என்னவென்று சொல்வேன். கண் சொக்கும்போது பேச்சுக்குரல் கேட்டது. தொப்பி ஓட்டை வழியாகப் பார்த்தால் போட்டி நடுவர்கள் இரண்டு பேர் படியேறுகிறார்கள்: பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த போர்ச்சர்ட் அம்மாவும், பூக்கடை வைத்திருக்கும் லெஸ்டரும். அதே நேரம் லெனோரின் காரும் வந்து நின்றது. அவள் ஓடி வந்தாள், என்னைப் பார்த்தாள், தொட்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். நான் எழுந்தால் ரிப்பன் போச்சு. அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கு எழுந்திருக்க மனசு வரவில்லை.

"பொம்மை பிரமாதம் லெனோர். நெஜ ஆள் மாதிரியே இருக்கு" என்றார் போர்ச்சர்ட் அம்மா.

லெஸ்டர் பென்சிலால் என் வயிற்றைக் குத்திப் பார்த்தான். "இங்கதான் கொஞ்சம் ஓவர். இவ்ளோ திணிச்சிருக்க வேண்டாம்."

"அது பழைய சரக்கு. உள்ள என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது" என்றாள் லெனோர்.

"எங்க உன் வீட்டுக்காரரைக் காணோம்?"

"எங்கயாவது சும்மா உக்காந்திருப்பாரு."

அப்போது பார்த்து ஓர் அணில் என் முழங்கால் வழியாக ஏறித் தோளில் உட்கார்ந்து, தொப்பியில் செருகியிருந்த சோளத்தைக் கொறிக்க ஆரம்பித்தது. நான் மூச்சு விடவில்லை. அணிலே நம்பிவிட்டது என்று நடுவர்கள் குறித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் தெருமுனை தாண்டியதும் நான் தொப்பியை எடுத்தேன். ஒரு நன்றி, ஒரு முத்தம், குறைந்தபட்சம் ஒரு காபி என்று எதிர்பார்த்தேன்.

"வயித்தை உள்ள இழுத்துக்கிட்டிருக்கலாம்ல?" என்றாள் அவள்.

ஆகவே, அக்கா, நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். திங்கட்கிழமை பஸ்ஸில் உன் வீட்டுக்கு வருகிறேன். இந்தக் காய்கள் அழுகிப் பன்றிப் பண்ணைக்குப் போகும்வரை அங்கேதான் இருப்பேன். பின்கட்டு அறையைப் பெருக்கி வை. உன் வராந்தாவிலும் இடம் இருக்காது என்று தெரியும், சமையலறையில் ஒரு முக்காலி போதும். இனி ஒரு படம்கூட இவளுக்கு அனுப்பாதே. அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள். எல்லோரும் அவரவர் நாற்காலியில் நூறாண்டு உட்கார்ந்திருக்க ஆண்டவன் அருளட்டும்.

உன் அன்புத் தம்பி,
மெர்ல்

பி.கு.: அறையைப் பெருக்க வேண்டாம். திங்கட்கிழமை நான் வரவில்லை. முதல் பரிசு எங்களுக்குத்தான். அக்டோபர் கடைசியில் வரும் ஹாலோவீன் பண்டிகை முடியும்வரை பொம்மை, அதாவது நான், இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். கிளெண்டாவுக்கு மட்டும் விஷயம் தெரியும், ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். காட்டிக்கொடுப்பாள் என்று பயந்தோம். அவளோ இன்று காலை தன் புருஷன் டுவேனின் சட்டைக்குள் வைக்கோலைச் செருகி அவள் வராந்தாவில் உட்காரவைத்துவிட்டாள். அவர் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவர், அசையாமல் உட்காருவதில் எனக்கு மூத்தவர். ரிப்பன் கைக்கு வந்தும், தெருவே இனி அவரைத்தான் பார்க்குமோ என்று எனக்குத்தான் கவலையாக இருக்கிறது. உன் வராந்தாவில் சோளத்தட்டையை எப்படிக் கட்டினாய் என்று நாலைந்து படம் உடனே அனுப்பு, பக்கவாட்டிலிருந்தும் எடு. இன்று மாலை லெனோரும் தலையில் ஒரு பழைய தொப்பியை வைத்து, கையிடுக்கில் வைக்கோல் செருகிக்கொண்டு, இன்னொரு நாற்காலி போட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆள் நடமாட்டம் இல்லாதபோது இரண்டு பேரும் ஒரே கோப்பையில் காபி குடித்தோம். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு நேரம் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்ததே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரம் தெருவில் ஒரு இளம் ஜோடி வந்து நின்றது. "நெஜ ஆளுங்க மாதிரி இல்ல?" என்றான் அவன். அதற்கு அந்தப் பெண், "நெஜப் புருஷன் பெண்டாட்டி எங்கேப்பா இப்படி உக்காந்திருக்காங்க? பொம்மைதான், வா" என்று சொல்லி அவனை இழுத்துக்கொண்டு போனாள்.