ஹாஜியாருக்குப் புதுப் போன் வேண்டாம், மாமா

கல்முனை.

கத்தார் வெயிலோடு மல்லுக்கட்டும் பாசமிகு மாமாவுக்கு, மருமகன் அஸ்கி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இவ்விடம் அனைவரும் சுகம். எதுவரை சுகம் என்பது உங்கள் கையில் இருக்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குறூப்பில் எழுதினால் சம்பந்தி வீடும் வாசிக்கும், தனியாக அனுப்பினால் விரல் வழுக்கும் என்ற பயத்தால், நாளை விமானம் ஏறும் முஸ்பிறா மாமியின் மகனிடம் இந்தத் தாளைக் கொடுத்தனுப்புகிறேன்.

எங்கள் மூத்தவள் நிப்லா ராத்தாவை நிக்காஹ் முடிக்கப்போகும் மாப்பிள்ளையுடைய வாப்பா, நிந்தவூர் கச்சிமுகம்மது ஹாஜியாருக்கு நீங்கள் புதுப் போன் அனுப்பப் போவதாகக் கேள்வி. அல்லாஹ்வுக்காக அனுப்பிவிடாதீர்கள். எங்கள் வாப்பாவின் போனில் உள்ள ஆப் எல்லாவற்றையும் நான்தான் புதுப்பித்துக் கொடுத்தேன், வட்டமாக வீடியோ எடுத்து அனுப்பும் வசதி வந்தது, வாப்பா சும்மா இருப்பாரா, போட்டிருந்த சேட்டுக்குள் தலையணையைச் சொருகி ஹாஜியாரைப் போல நடந்து, "மச்சான், பாருங்க, முதல்ல வயிறு வருது, ஆள் லுஹர் தொழுகைக்குத்தான் வருவாரு!" என்று உங்களுக்காக எடுத்தது, விரல் வழுக்கி ஹாஜியாருக்கே போய்விட்டது. பதறி அழிக்கப் போனவர் 'எல்லாருக்கும் அழி' இருக்க 'எனக்கு மட்டும் அழி'யை அமுக்கினார். இப்போது அந்த வீடியோ உலகத்திலேயே ஹாஜியாரிடம் மட்டும்தான் இருக்கிறது. ராத்தா ஒரே அழுகை. உம்மா, "கல்யாணம் நின்டா அந்தத் தலையணையோட வெளியில படுங்க!" என்றார்.

நானும் வாப்பாவும் தயிர்ச்சட்டியோடு நிந்தவூருக்குப் பறந்தோம். ஹாஜியார் சிரித்தபடியே வந்தார்! அவர் போனில் இருப்பது மூன்று அரசாங்கத்துக்கு முந்திய பதிப்பு. "இதைப் பார்க்கப் புதிய பதிப்புக்கு மாறவும்" என்று வெறும் கட்டம்தான் தெரிகிறது. பழசின் கெடுதி எனக்குத் தெரியாதா? வங்கிக் கணக்குத் திறக்காது, கள்ளன் நுழைவான், கதைத்தால் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். ஆனாலும் அன்று அதைப்போல அல்லாஹ் தந்த பறக்கத்து வேறில்லை. போனைக் கையில் தராமல் தூரப் பிடித்துக் காட்டி, "மகன், உங்கட வாப்பா என்னமோ அனுப்பியிரிக்காரு. புதுசாக்கினாத் தெரியுமாம், எப்பிடி ஆக்குற?" என்றார்.

"வேணாம் ஹாஜியார்! போன் கொதிக்கும், படமெல்லாம் பறந்திரும்" என்றேன்.

"ஓம் ஓம், என்ட போன்ல முட்டை பொரிக்கலாம்" என்றார் வாப்பா.

ஆகவே மாமா, நிக்காஹ் முடியும்வரை அவர் பழசோடேயே இருக்கட்டும். அத்தர் அனுப்புங்கள், அத்தருக்குப் புதுப் பதிப்பு கிடையாது. அல்லாஹ் உங்கள் ஆயுளையும் போன் பற்றரியையும் நீட்டித் தருவானாக. மாமிக்கு சலாம்.

இப்படிக்கு,
அஸ்கி

பி.கு: கவரை ஒட்டும்போதே ஹாஜியாரின் அழைப்பு. பசாரில் ஏதோ ஒரு கடைப் பொடியன் போனைப் புதுப்பித்துக் கொடுத்துவிட்டானாம். வாப்பா அப்படியே கதிரையில் சாய்ந்துவிட்டார். "சம்பந்தி, நடை சரி. ஆனா ஒரு தலையணை காணாது, ரெண்டு வெச்சிரிக்கணும்" என்று சிரித்த ஹாஜியார், மூக்கு நுனியில் கண்ணாடியோடு வாப்பா மீன்காரனிடம் பேரம் பேசுவதை நடித்துக் குடும்பக் குறூப்பிலேயே போட்டிருக்கிறார். வாப்பாவை விட வாப்பாவாக இருக்கிறார்! ராத்தா சிரித்துச் சிரித்து விக்குகிறாள். போனை உடனே அனுப்புங்கள், கமெரா நல்லதாக. வாப்பா மட்டும் "அத அழிடா" என்கிறார். என் போன் பழைய பதிப்பு, அதற்கு அழிக்கத் தெரியாது என்று சொல்லியிருக்கிறேன்.