கோலிக்குள் ஒரு ரேஸ் கார்

மும்பையில் வீடு கிடைக்காமல் காரில் தூங்குகிறவனைப் பார்த்திருக்கிறேன். நிறுத்த இடம் கிடைக்காமல் காரை விற்றவனையும் பார்த்திருக்கிறேன். ஆனால் வீட்டுக்குள் காரை நிறுத்தி, பெண்டாட்டி பிள்ளையைப் பரணில் ஏற்றிவிட்டு, தான் காருக்கு அடியில் படுத்துத் தூங்கிய ஒரே ஜீவன் இந்த ஊரில் எங்கள் ஸ்டெப்னி பாய்தான். வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், அவருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிடுகிறேன்.

வீடு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தாராவியில் ஒரு கோலி, அதாவது ஒற்றை அறை. நாலு பேர் சேர்ந்து கொட்டாவி விட்டால் ஐந்தாவது ஆளுக்குக் காற்று மிச்சமிருக்காது. வெளியே கல்லி என்று ஒரு சந்து, அது அதைவிட விசேஷம். எதிரே ஆள் வந்தால் ஒருத்தர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் குடையை விரிக்க மெயின் ரோட்டுக்குப் போகவேண்டும், அதுவரை நனைந்துகொண்டே போகவேண்டும்.

அந்தக் கோலிக்கு மேலே தகரம் அடித்த ரூமில் நான் வாடகைக்கு இருந்தேன். ஏறி இறங்க வெளியே ஒரு இரும்பு ஏணி. காலையில் சைக்கிளில் இட்லி விற்பது, மீதி நேரம் அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது, இதுதான் என் தொழில். படிப்பு ஆறாம் கிளாஸ். எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த வாத்தியார் அந்த வருஷமே வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்க் கோழி வளர்த்தார் என்று கேள்வி.

பாய்க்குச் சொந்த ஊர் திருநெல்வேலி மேலப்பாளையம். செம்பூர் நாக்கா பக்கம் ரிக்‌ஷாக்களுக்கு சீட்டும் கூரையும் தைக்கிற வேலை. அசல் பெயர் ஏதோ இருந்தது. காரின் ஸ்டெப்னியை, அதாவது உபரி டயரைத் தலையணையாக வைத்துத் தூங்குகிற மனுஷனை அந்தப் பெயரில் யார் கூப்பிடுவார்கள்? தலையில் டயர் வரி பதிந்து, காலையில் பார்த்தால் ராத்திரி பூராவும் அவர் மேல் வண்டி ஓடிய மாதிரி இருக்கும்.

கார் வந்த கதையைச் சொல்லவேண்டும். மாட்டுங்காவில் ஒரு பழைய பங்களாவை இடித்தார்கள். அதன் ஷெட்டில் வெள்ளைக்காரன் காலத்து ரெண்டு சீட்டு ரேஸ் கார் ஒன்று, துருப்பிடித்து, பூனை குட்டிபோட்டுக் கிடந்தது. காயலான் கடைக்குப் போக இருந்ததை பாய் கெஞ்சிக் கேட்டு வாங்கிவிட்டார். சக்கரம், இன்ஜின், கதவு என்று துண்டு துண்டாகக் கைவண்டியில் வந்தது. கடைசியில் உடம்பு மட்டும், பீரோவைத் தூக்குகிற மாதிரி ஒருக்களித்துப் படுக்கப்போட்டு, பத்துப் பேர் தோளில் கல்லிக்குள் வந்தது. முன்சுவரை இடித்து உள்ளே வைத்தார்கள். மூக்கு ஒரு சாண் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. பாய் யோசிக்கவே இல்லை. ஒரு சாண் முன்னால் தள்ளிப் புதுச் சுவரைக் கட்டிவிட்டார்.

திரும்ப எப்படி வெளியே போகும் என்று கேட்காத ஆளில்லை. எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "ஒருக்களிச்சு வந்துச்சு, ஒருக்களிச்சுப் போவும். கல்லிய அளந்து வச்சிருக்கேன்வே."

வருஷக்கணக்கில் அந்தக் காரைத் தடவிக்கொண்டே இருந்தார். ரஹ்மத் அக்கா, அதாவது அவர் சம்சாரம், ஒரு ஓரத்தில் ஹெட்லைட்டுக்கும் கேஸ் அடுப்புக்கும் நடுவில் நின்று சமைத்தார். குழம்பு தாளிக்கும்போது கடுகு தெறிக்கக் கூடாதென்று பாய் பானட்டுக்கு வேட்டியைப் போர்த்துவார். பெண்டாட்டி கையில் எண்ணெய் தெறித்தால் ஊதிக்கூட விடமாட்டார் என்று அக்கா கல்லி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஒரே மகள் ஜரீனா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தே படித்து பி.காம் பாஸ் செய்தாள். இடது பக்க சீட்டில் மட்டும் யாரும் உட்காரக் கூடாது. ஏன் என்று கேட்டால் பாய் பேச்சை மாற்றிவிடுவார்.

இன்ஜின் முதன்முதலில் உயிர்பெற்ற நாளை மறக்கவே முடியாது. மேலே நான் மாவு கலக்கிக்கொண்டிருந்தேன். தரைப் பலகை இடுக்கு வழியாக வெள்ளைப் புகை வந்தது. நான் செத்துவிட்டேன், இது மேலுலகம், அங்கேயும் என்னை மாவு கலக்க விட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கீழே கல்லி பூராவும் புகை. முனிசிபாலிட்டிக்காரன் கொசுமருந்து அடிக்க வந்துவிட்டான் என்று பெண்கள் பாத்திரங்களை மூடி, கதவைத் திறந்து, புகையை மரியாதையாக வீட்டுக்குள் விட்டுக்கொண்டார்கள். ஒரு கிழவர் கட்டிலைத் தூக்கி, அடியிலும் அடிக்கச் சொன்னார். விஷயம் தெரிந்ததும் வந்த வசவுகளைப் பத்திரிகையில் போட முடியாது. பாய் மட்டும் கறுப்பாகிப்போன முகத்தோடு சிரித்துக்கொண்டு நின்றார்.

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, ஜரீனாவுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிக்கும்வரை.

முதலில் வந்த குடும்பம் வாசலில் நின்று காரைப் பார்த்தது. உட்கார இடம் தேடியது. இல்லையென்று தெரிந்ததும் நின்றபடியே தண்ணீர் குடித்துவிட்டுப் போனது. அடுத்து வந்ததில் ஒரு பெரியவர் பேச்சுவாக்கில் பானட்டில் கையை ஊன்றினார். பாய் அவர் கையைப் பிடித்துத் தூக்கி, மோதிரத்தைக் கழற்றி சட்டைப்பையில் போடச் சொல்லிவிட்டார், கீறல் விழுமாம். பெரியவர் மோதிரத்தைக் கழற்றவில்லை, கோபத்தில் செருப்பை மாட்டினார். சம்பந்தம் அதோடு சரி.

மூன்றாவதாக தேவ்நாரில் இருந்து ஒரு இடம் வந்தது. பையனின் உம்மாவும் சித்தியும் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். பையன் போட்டோவை ஜரீனா துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தது கல்லிக்கே தெரியும். அன்றைக்கு ரஹ்மத் அக்கா போட்ட சத்தம் என் இட்லிப் பாத்திரத்தில் எதிரொலித்தது.

"ஞாயித்துக்கிழம இந்த வீட்ல ஒண்ணு காரு இருக்கணும், இல்ல நா இருக்கணும். காரு இருந்துச்சுன்னா பிள்ளயக் கூட்டிக்கிட்டு பாண்டுப்புக்கு எங்க கூடப்பொறந்த காக்கா வீட்டுக்குப் போயிருவேன். திரும்பி வரமாட்டேன். எங்க வாப்பா கல்யாணத்துக்குக் குடுத்த மெத்தய வெட்டி அந்தச் சனியனுக்கு சீட்டு தச்ச மனுசன்தானே நீங்க."

பாய் தலையணை டயரை உருட்டிச் சுவரோரம் சாத்தினார். பிறகு, "சரி, வெளிய எடுத்திருதேன்" என்றார்.

கல்லியே உறைந்துபோனது. குழாயடியில் ஒரு குடம் நிரம்பி வழிந்து ஓடியது, மூடுவாரில்லை. பாய் ஒரு விஷயத்துக்கு 'சரி' சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை.

சனிக்கிழமை மதியம் சுவரை இடித்தார். ஆட்கள் சேர்ந்து தள்ள, கார் மூக்கை நீட்டிக் கல்லிக்குள் வந்தது. எதிர்வீட்டுப் படியில் போய் முட்டி நின்றது. ஒருக்களிக்கவேண்டும் என்றார் பாய். ஒருக்களிக்க இடமில்லை. அளந்து வைத்திருந்த கயிற்றை எடுத்துவந்து பிடித்துப் பார்த்தார். பழைய அகலத்துக்குப் போட்டிருந்த முடிச்சு சுவரைத் தாண்டிப் போனது. திரும்பப் பிடித்தார். அப்போதும் போனது.

அளவு சரிதான். கல்லிதான் தப்பு. கார் வந்த பிறகு எதிர்வீட்டுக்காரர் டைல்ஸ் போட்டு ஒரு படி கட்டியிருந்தார். பக்கத்து வீட்டில் தண்ணீர் டிரம் வைக்க ஒரு மேடை. அதற்கடுத்து ஒரு ஏசி பெட்டி. தாராவியில் கல்லி வருஷா வருஷம் மெலியும் என்பது தொட்டில் பிள்ளைக்கும் தெரியும், பாய்க்கு மட்டும் தோன்றவில்லை. எல்லோரும் எல்லோரையும் பார்த்துக் கத்தினார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து என் ஏணியைப் பார்த்தார்கள். நான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். கடைசியில் எதிர்வீட்டுக்காரர்தான் சொன்னார்: "எங்கள எல்லாம் விடும்வே. எல்லாருக்கும் மேல ஒரு சாண் முன்னால வந்தது உம்ம சுவருதான்."

பாய் கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகினார். சரி, உள்ளேயே இழுத்துவிடலாம் என்று பார்த்தால், முன்சக்கரத்துக்குக் கீழே இருந்த சாக்கடைப் பலகை மடாரென்று உடைந்தது. சக்கரம் சாக்கடைக்குள். ஆக, ஞாயிறு காலையில் நிலைமை என்னவென்றால், வீட்டுக்கு முன்சுவர் கிடையாது, காரின் மூக்கு கல்லியை அடைத்துக்கொண்டிருக்கிறது, மீதிக் கார் வீட்டுக்குள் இருக்கிறது. கல்லியில் போகிறவர்கள் இந்தப் பக்கம் பாய் வீட்டுக்குள் நுழைந்து, காரின் ஒரு கதவில் ஏறி, மறு கதவில் இறங்கி, அந்தப் பக்கம் வெளியே போனார்கள். பால்காரர் போனார். தண்ணீர்க் குடங்கள் போயின. ஒரு ஆடு போனது. என் சைக்கிள் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டதால் நான் ஏணியடியிலேயே கடை போட்டேன். வழிக்காகக் காத்திருந்தவர்களுக்கே இட்லி முழுவதும் தீர்ந்துவிட்டது. அடுத்தவர் கஷ்டத்தில் சாப்பிடுகிறவன் என்று என்னைச் சொல்வார்கள், நான் விற்கவும் செய்தேன்.

ரஹ்மத் அக்கா ரெண்டு பையில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தார். ஜரீனா பரணில் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். இதைப் பார்த்த பாய் ஸ்பேனரை எடுத்தார். காருக்கு முன்னால் குந்தி, மட்கார்டைக் கழற்ற ஆரம்பித்தார்.

கொசு உட்கார்ந்தால்கூட துணியால் துடைக்கிற மனுஷன். ஓடிப்போய், என்ன பாய் செய்கிறீர்கள் என்றேன்.

"வந்த மாதிரியே துண்டு துண்டா போட்டும்வே. அவ போவக் கூடாது."

ஒரு மட்கார்டு கழன்று தரைக்கு வந்தது. அடுத்ததுக்குப் போவதற்குள் தேவ்நார்க்காரர்கள் வந்துவிட்டார்கள், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே.

பையனின் உம்மா நல்ல கனத்த சரீரம். தேவ்நாரிலிருந்து ரிக்‌ஷாவில் குலுங்கி வந்ததில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுவரில்லாத வீட்டைப் பார்த்தார். மூக்கறுந்த காரைப் பார்த்தார். உட்கார ஜமக்காளம் விரித்து வைத்திருந்தது காருக்கு அந்தப் பக்கம். போக வேறு வழியில்லை என்று நான்தான் விளக்கினேன். அந்த அம்மா ஒரு காலைத் தூக்கிக் காருக்குள் வைத்தார், மறு கால் வரவில்லை, தொப்பென்று இடது பக்க சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். கூட வந்த தங்கச்சி பயந்துபோய், "என்ன லாத்தா, கிறுகிறுன்னு வருதா?" என்று உலுக்கினார்.

"சும்மா இரு. எத்தன வருசத்துக்கப்புறம் இந்த இடுப்பு வாய மூடிக்கிட்டு இருக்கு." கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "காக்கா, இந்த சீட்ட யாருக்கு அளவெடுத்துத் தச்சிய?"

பாய் ஸ்பேனரைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். அக்கா பக்கம் பார்க்காமல் சொன்னார்.

"ரிக்‌ஷாக்காரனுக்குப் புது சீட்டு தைக்கணும்னா, டேப்பு வச்சு அளக்க மாட்டோம். அவன் பழைய சீட்டுல விழுந்த பள்ளத்தப் பாத்துதான் தைப்போம். அந்தப் பள்ளம்தான் அவன் முதுகு. இது இவ மெத்தையில விழுந்த பள்ளம். கலைக்காம அப்பிடியே எடுத்து உள்ள வச்சிருக்கேன். என்னிக்காவது ஏறி உக்காருவான்னு பாத்தேன். இவ கிட்டயே வரல."

அப்போது ரஹ்மத் அக்காவின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். சுவர் இடிந்தபோதுகூட அவர் அப்படி அதிர்ந்துபோகவில்லை. கையிலிருந்த பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கார் மேலேயே வைத்தார். கீறல் விழும் என்று பாய் அதை எடுக்கவில்லை.

பையனின் உம்மா இப்போது முழுசாகக் கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்தார். "மைனி, நீ இதுல உக்காந்ததே இல்லியா?"

அக்கா இல்லையென்று தலையாட்டினார்.

"நல்ல பொம்பள நீ. சரி, இரு, டீ குடிச்சிட்டு எறங்கிருதேன்."

டீ வந்தது, சமோசா வந்தது, ரெண்டாவது டீயும் வந்தது. அம்மா இறங்கவில்லை. ஜரீனா கார்க் கதவுக்கு வெளியே தட்டோடு நின்றாள், பெண் பார்க்கும் சடங்கு உள்ளே உட்கார்ந்தபடியே நடந்தது. பின்னால் வழிக்காகக் காத்திருந்த கூட்டம், மகனைப் பற்றி அம்மா சொன்னதையெல்லாம் கேட்டு ஆளுக்கொரு அபிப்பிராயம் சொன்னது. கடைசியில் அம்மா ஜரீனாவின் கையைப் பிடித்துக்கொண்டு தன் தங்கச்சியிடம் சொன்னார்: "பொண்டாட்டி முதுகப் பொத்தி வச்சிருக்க வீடு. இங்கனயே முடிச்சிருவோம்."

அவர்கள் போனதும் ஆட்கள் சேர்ந்து சக்கரத்தைச் சாக்கடையிலிருந்து தூக்கினோம். நானும் தூக்கினேன், அதாவது தூக்கியவர்களைத் தம் பிடிக்கச் சொல்லி 'ஜோர் லகாவ்' என்று கத்தினேன். கார் பழைய இடத்துக்குப் போனது. பாய் மறுபடி ஸ்பேனரோடு குந்தினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவேண்டுமாம், பாக்கியையும் கழற்றத்தான். ரஹ்மத் அக்கா வந்தார். தரையில் கிடந்த மட்கார்டை முந்தானையால் துடைத்து அவர் கையில் கொடுத்தார்.

"மாட்டுங்க. ஒரு பக்கம் மூளியா நிக்கி."

ஜரீனா கல்யாணமாகி தேவ்நாரில் இருக்கிறாள். நான் விக்ரோலிப் பக்கம் வந்துவிட்டேன். பாய் வீட்டில் முன்சுவருக்குப் பதில் இப்போது ஷட்டர். கல்லி இன்னும் மெலிந்திருக்கிறது, கார் இந்த ஜென்மத்தில் வெளியே வராது.

தாராவிப் பக்கம் வேலையிருந்தால் சாயங்காலமாகப் பார்த்துத்தான் போகிறேன். ஷட்டர் மேலே ஏறியிருக்கும். பாய் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பார், பக்கத்து சீட்டில் அக்கா சாய்ந்து உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். என்னைக் கண்டதும் பாய் ஹாரன் அடிப்பார். எங்கேயும் போகாத அந்த வண்டிக்கு நான் சுவரோரமாக ஒதுங்கி வழிவிட்டு நிற்பேன்.