பைக்காரரின் தனி அறை

மூன்றாவது தடவை படித்தபோதும் சுற்றறிக்கையில் அதேதான் இருந்தது. அடுத்த பருவம் தொடங்குவதற்குள் வெளியிலிருந்து ஆய்வு நிதி கொண்டுவராத பேராசிரியர்கள், தங்கள் தனி அறையின் சாவியை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, மாடியில் இருக்கும் பொதுக்கூடத்துக்குப் போய்விட வேண்டும்.

பைக்காரர் மேசை மேல் கிடந்த தன் அறைச் சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கல்வியியல் துறையில் அவரைப் பெயர் சொல்லி யாரும் குறிப்பிடுவதில்லை, பைக்காரர் என்றுதான் சொல்வார்கள். ‘ஆய்வு நிதி பெறுவது எப்படி’ என்று எந்த ஊரில் கூட்டம் போட்டாலும் முதல் ஆளாகப் போய், கழுத்தில் அட்டையும் தோளில் புதுப் பையுமாகத் திரும்பி வருவார். பதினாறு வருடத்தில் நாற்பத்து மூன்று பைகள். அவற்றில்தான் அவர் மனைவி வெங்காயம் வாங்குகிறாள். நிதிக்கு விண்ணப்பித்தது மட்டும் ஒரு தடவைகூட இல்லை. துணிக்கடைக்குப் போய் அத்தனை துணியையும் பிரித்துப் போடச் சொல்லி, தண்ணீரும் வாங்கிக் குடித்துவிட்டு, ‘நாளைக்கு வர்றேன்’ என்று எழுந்து வரும் ஆசாமி உண்டே, அந்த ரகம்.

அவருடைய அறையில் ஒரு ஜன்னல், ஒரு சொந்தச் சாவி, சுவரோரம் ஒரு நீள பெஞ்சு. மதியம் இரண்டிலிருந்து மூன்றரை வரை கதவில் ‘கலந்தாய்வில்’ என்ற பலகை தொங்கும். கலந்தாய்வு பெஞ்சுக்கும் அவர் முதுகுக்கும் இடையில் நடக்கும்.

பொதுக்கூடத்தில் பெஞ்சு கிடையாது. காலியாக இருந்தது ஒரே ஒரு மேசை. அது முன்னுரைக்குப் பக்கத்து மேசை.

முன்னுரை என்பது சக பேராசிரியை ஒருவருக்குத் துறை வைத்த பெயர். அந்த அம்மாள் எதையும் ஆதியிலிருந்துதான் சொல்வார். மின்விசிறி ஓடவில்லை என்று சொல்ல வந்தால், மனிதனுக்கு முதன்முதலில் ஏன் வியர்த்தது என்பதில் தொடங்குவார். அவருக்குப் பக்கத்தில் மூன்று பருவம் உட்கார்ந்திருந்த ஒருவர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பைக்காரர் தன் ஆய்வு மாணவியைக் கூப்பிட்டார். அவரிடம் சேர்ந்து மூன்று வருடமாகக் கோப்பு தூக்குகிறவள். நிதி வந்தால் அவளுக்கும் ஓர் உதவித்தொகை உண்டு.

"நிதிக்கு விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாளும்மா. என் மனசுல எல்லாம் தயாரா இருக்கு. நீ தாள்ல இறக்கினாப் போதும்."

"மனசுல என்ன இருக்குன்னு சொன்னீங்கன்னா..."

"அதை நீ கண்டுபிடி. ஆராய்ச்சின்னா அதானே."

"சார், நானே ஒரு விஷயம் எழுதி வெச்சிருக்கேன். அதைப் போடலாமா? என்னன்னு சொல்லட்டுமா?"

"எழுதினதை எதுக்குச் சொல்லிக்கிட்டு? போடு, போடு," என்றார் பைக்காரர், நாலு தடவை தலையை ஆட்டி.

அத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்தார். ஆனால் அதே வெள்ளிக்கிழமை, நிதி தரும் அறக்கட்டளை பக்கத்து ஊரில் ஒரு விளக்கக் கூட்டம் வைத்திருந்தது. விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்திலோ கையெழுத்து வேண்டும்.

"கூட்டத்துக்குப் போகாம இருக்க முடியாதா சார்?"

"போகாம எப்படி? விண்ணப்பிக்கறது எப்படின்னு அங்கதான் சொல்லித் தர்றாங்க."

ஒரு வெற்றுத்தாளை எடுத்து, அடியில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். "இதான் கடைசிப் பக்கம். மேல உள்ளதை நீ பார்த்துக்கோ."

மிட்டாய்க் கடை வைத்திருப்பவன்கூட வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட மாட்டான். அவனுக்குக் கடை போய்விடும் என்ற பயம். மெத்தப் படித்தவருக்கு அந்தப் பயம் இல்லை.

கூட்டத்தில் குளிர்சாதனம் இதமாக இருந்தது. மேடையில் ஒருவர் அம்புக்குறிகளாக வரைந்து காட்டிக்கொண்டிருக்க, பைக்காரர் எல்லா அம்புக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். பத்தரை மணிக்கு மாணவியிடமிருந்து போன்.

"சார், முப்பது பக்கம் இருக்கணுமாம். பதினேழுதான் வருது."

"இழும்மா."

"எங்க சார் இழுக்கறது?"

"நடுவுல இழுத்தா கண்டுபிடிச்சிருவாங்க. வாசல்லயே இழு. வீட்டுக்குள்ள வர்றதுக்குள்ள ஆளு களைச்சிரணும்."

"தலைப்பு என்ன வைக்கட்டும்?"

"கனமா வை. நான் கூட்டத்துல இருக்கேன்," என்று வைத்துவிட்டார்.

வெளியே வராந்தாவில், பை கொடுக்கும் மேசை முன்னால், முன்னுரை நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு படிவம்.

பைக்காரர் அந்தப் படிவத்தை எட்டிப் பார்த்தார். "நீங்களுமா?"

"ஆமாங்க, படிவம் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன். இந்தப் படிவம்ங்கறதே பாருங்க, அந்தக் காலத்துல ராஜாக்கள்..."

ராஜாக்கள் வந்ததும் பைக்காரர் கழிப்பறைக்குப் போய்விட்டார். அங்கே கண்ணாடியைப் பார்த்து யோசித்தார். துறைக்கு ஒரு நிதிக்கு மேல் கொடுக்க மாட்டார்கள். முன்னுரை விண்ணப்பித்தால் தன் கதி என்ன?

அந்த நேரம் பார்த்து உள்ளே ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு. விண்ணப்பங்களை மதிப்பிட ஆள் போதவில்லை, விரும்பும் பேராசிரியர்கள் பெயர் கொடுக்கலாம்.

எதிர்க்கடைக்குத் தராசு சரிபார்க்கும் அதிகாரியாக நம்மையே போட்டால் யார் வேண்டாம் என்பார்கள்? பைக்காரர் ஈரக் கையோடு ஓடினார்.

பை மேசையில் இருந்த எழுத்தர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு சாவகாசமாகப் பேசுகிற மனிதர். "விண்ணப்பம் போட்டவங்க மதிப்பீடு பண்ணக் கூடாது சார். நீங்க போட்டிருக்கீங்களா?"

பைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று. மாணவி மூன்று மணிக்குத்தான் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

"இந்த நிமிஷம் வரைக்கும் இல்லை."

"இல்லை," என்று எழுத்தர் குறித்துக்கொண்டு, நாற்பத்து நாலாவது பையைக் கொடுத்தார்.

ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு ஒரு கட்டு வந்தது. ஐந்து விண்ணப்பங்கள். யாருடையது என்று தெரியாது. கையெழுத்துள்ள கடைசிப் பக்கத்தைக் கழற்றி, உறையில் போட்டு, அறக்கட்டளையிலேயே முத்திரை வைத்துவிடுவார்களாம்.

முதல் நாலையும் கையில் தூக்கிப் பார்த்து, கனத்துக்கு ஏற்ப மதிப்பெண் போட்டார். ஐந்தாவதைத் திறந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைப்பு நாலு வரி. அதற்குப் பிறகு முன்னுரை. பதின்மூன்று பக்கத்துக்கு முன்னுரை. ஆதி மனிதன் குகைச் சுவரில் கரியால் கோடு கிழித்ததிலிருந்து ஆரம்பம்.

"மாட்டிக்கிட்டா," என்றார்.

சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "யாருங்க?"

"முன்னுரைதான். பேரை மறைச்சா புத்தியை மறைக்க முடியுமா? பதின்மூணு பக்கம் இழுத்திருக்கா."

"அதுக்கப்புறம் என்ன எழுதியிருக்காங்க?"

பைக்காரர் இடையில் ஒரு பக்கத்தைப் புரட்டி, எரிச்சலோடு வாசித்தார். "நாப்பது நாள் பள்ளிக்கூடத்துல கடைசி பெஞ்சுல உட்கார்ந்து எண்ணினாங்களாம். ‘புரிஞ்சுதா’ன்னு வாத்தியார் கேட்டதும் தலையாட்டுற பிள்ளைங்கள்ல பத்துக்கு ஏழு பேருக்கு ஒண்ணும் புரியலையாம். ஏன் ஆட்டுறாங்கன்னு ஆராய்ச்சி பண்ணணுமாம்."

"நல்லாத்தானே இருக்கு? நம்ம பையன்கூட அப்படித்தான் ஆட்டுவான்."

"உனக்கு என்ன தெரியும்? தலையாட்டறதுக்கெல்லாம் ஆராய்ச்சியா?"

"நீங்களும் ஆட்டுவீங்க. இன்னிக்குக் காலையில கேஸ் தீர்ந்துபோச்சுன்னு மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் ஆட்டினீங்க."

"எப்ப சொன்னே?"

மனைவி பீன்ஸுக்குத் திரும்பினாள்.

பைக்காரர் பூஜ்யம் போட்டார். பூஜ்யத்துக்குக் காரணம் எழுத வேண்டும் என்று விதி இருந்தது. நாலு பக்கம் எழுதினார். முனைவர் பட்டத்துக்குப் பிறகு அவர் எழுதியதிலேயே நீளமான எழுத்து அதுதான். ‘இதை எழுதியவருக்குக் கல்வியியலின் வாசனைகூடக் கிடையாது’ என்ற வரியைத் தானே இரண்டு தடவை படித்து ரசித்தார். கட்டோடு வந்திருந்த உறுதிமொழித் தாளில், ‘இந்த விண்ணப்பங்களை நான் இதற்கு முன் பார்த்ததில்லை, இவற்றுக்கும் எனக்கும் தொடர்பில்லை’ என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டார்.

பத்தாம் நாள் எழுத்தர் போன் செய்தார்.

"சார், அந்த அஞ்சாவது விண்ணப்பம். நீங்க பூஜ்யம் போட்டிருக்கீங்க. இன்னொரு மதிப்பீட்டாளர் தொண்ணூத்தொண்ணு போட்டிருக்காங்க. இவ்வளவு வித்தியாசம் இருந்தா ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசணும். அலைச்சல் எதுக்குன்னு பார்க்கறேன். நீங்க ஒரு இருபது போட்டாக்கூடப் போதும் சார், அதுக்கு நிதி கிடைச்சிரும். எல்லாருக்கும் வேலை முடிஞ்சிரும்."

"ஒண்ணுகூடப் போட மாட்டேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார்."

"கல்வியோட எதிர்காலம்யா இது. பேரம் பேசறீரே."

அறக்கட்டளையின் கூட்ட அறையில் நீள மேசை. அதன் தலைப்பக்கம் செயலர், சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்ட முகத்தோடு. ஓரத்தில் எழுத்தர், முன்னால் முத்திரை வைத்த உறை. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் பைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்னுரை.

அப்படியானால் தொண்ணூற்றொன்று போட்டது இந்த அம்மாளா? தன் சரக்குக்குத் தானே கிராக்கி ஏற்றுகிறாளே.

முன்னுரை தொடங்கினார். "மதிப்பெண்ங்கற வழக்கம் எப்படி வந்ததுன்னா..."

"அம்மா, விண்ணப்பத்துக்கு வாங்க," என்றார் செயலர்.

வாழ்க்கையில் முதல் தடவையாக முன்னுரை முன்னுரையைத் தாண்டினார். "ஆரம்பத்துல வர்ற பதின்மூணு பக்கத்தைத் தூக்கிப் போட்டுட்டுப் பாருங்க. மிச்சம் பதினேழும் தங்கம். இந்த ஆளு நாப்பது நாள் வகுப்புல உட்கார்ந்திருக்காரு. நம்ம ஆளுங்க யாராவது நாப்பது நிமிஷம் உட்கார்ந்திருக்கோமா? இவருக்குக் குடுக்கலைன்னா வேற யாருக்குக் குடுக்கறது?"

"அவ்வளவு உயர்வாச் சொல்றதைப் பார்த்தா, எழுதினவரை ரொம்ப நெருக்கமாத் தெரியும் போலிருக்கே?" என்றார் பைக்காரர்.

"எனக்கெப்படித் தெரியும்?"

"அன்னிக்கு வராந்தாவுல படிவத்தோட நின்னீங்களே."

"அது மதிப்பீட்டாளர் படிவம். சொல்ல வந்தேன், நீங்கதான் பாதியில ஓடிட்டீங்க. எனக்கு எதுக்குங்க நிதி? தனி அறையெல்லாம் எனக்கு ஆகாது. பொதுக்கூடத்துல பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கும். பக்கத்து மேசைதான் கொஞ்ச நாளாக் காலியாக் கிடக்கு."

பைக்காரர் இதை நம்பவில்லை. விலை படியாதவன்தான் ‘எனக்கு விற்கிற எண்ணமே இல்லை’ என்பான். எழுந்து நின்று நாலு பக்கத்தையும் வாசித்தார். முன்னுரையின் நீளத்தைச் சாடினார், தலைப்பின் பருமனைச் சாடினார். "படிக்கறவனைக் களைப்பாக்கணும்னே வாசல்ல வேலி போட்டு வெச்சிருக்கு. இது திட்டமிட்ட மோசடி," என்று முடித்தபோது குரல் தழுதழுத்தது. அவ்வளவு நன்றாக அவர் வகுப்பில்கூடப் பேசியதில்லை.

செயலர் கடிகாரத்தைப் பார்த்தார். "இவ்வளவு உறுதியாச் சொல்றார். நமக்கு எதுக்கு வம்பு? நிராகரிச்சிரலாம்."

அதோடு விட்டிருக்கலாம். பைக்காரர் விடவில்லை. "நிராகரிச்சா மட்டும் போதாது. அடுத்த வருஷம் திரும்ப வருவாங்க. இந்த ஆளு அஞ்சு வருஷத்துக்கு எந்த நிதிக்கும் விண்ணப்பிக்கக் கூடாதுன்னு எழுதணும். அந்தக் கடிதத்தோட நகல் அவங்க பல்கலைக்கழகத்துக்கும் போகணும்."

"பாவங்க," என்றார் முன்னுரை. "யாரோ எவரோ. அவங்க அறையை நம்பி இருக்கறவங்களா இருந்தா?"

"அப்படிப்பட்டவங்களுக்கு அறை எதுக்கு?"

செயலர் ‘சரி’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடிவிட்டு, சாப்பிடப் போய்விட்டார்.

"கடிதத்துல பேர் நிரப்பணும்," என்று எழுத்தர் உறையை முன்னால் இழுத்துக்கொண்டார். பைக்காரர் நாற்காலியில் சாய்ந்து, முன்னுரையின் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வசதியாகத் திரும்பி உட்கார்ந்தார். கண்ணுக்கு முன்னால் அவருடைய ஜன்னலும் நீள பெஞ்சும் தெரிந்தன.

எழுத்தர் முத்திரையை உடைத்தார். கடைசிப் பக்கத்தை வெளியே எடுத்தார். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அதைப் பார்த்தார். பைக்காரரைப் பார்த்தார். பிறகு கோப்பிலிருந்து அந்த உறுதிமொழித் தாளை உருவி, இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சாவகாசமாகச் சொன்னார்:

"சார், விண்ணப்பத்துல இருக்கறது உங்க கையெழுத்து, ‘இதை நான் இதுக்கு முன்னாடி பார்த்ததே இல்லை’ன்னு இருக்கறதும் உங்க கையெழுத்து, ரெண்டுல எதுலயும் பொய்யில்லைங்கறதுதான் சார் இதுல விசேஷம்."