பர்மாவுக்கு ஒரு கோல்

"இப்ப பந்து ஆரிட்டை அண்ணை?" என்று இளையதம்பி கேட்டான்.

"எங்கட ஆளிட்டைத்தான்," என்றார் மயில்வாகனம், றேடியோவில் காதை வைத்தபடி. "ஓடுறான்... ஓடுறான்... அடிச்சுப்போட்டான்! கோல்!"

விறாந்தையில் குந்தியிருந்த பதினைந்து பேரும் கைதட்டினார்கள். குசினிக்குள் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி அன்னபாக்கியம் கண்களை மூடிக்கொண்டாள். றேடியோவில் ஒரு கனவான், ரோசாச் செடிக்கு எப்போது எரு வைப்பது என்று ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார்.

கொழும்பில் நாலு நாட்டு உதைபந்தாட்டம். இன்றைக்கு மூன்று மணிக்கு இலங்கையும் பர்மாவும் மோதுகின்றன என்று பேப்பரில் பார்த்துச் சொன்னவன் இளையதம்பி. வட்டக்கச்சிக் குடியேற்றத்தில் இந்தப் பகுதியில் றேடியோ உள்ள வீடு இது ஒன்றுதான். "இங்கிலீசு விளங்குற ஆளும் நீங்கள் ஒராள்தானே அண்ணை," என்று அவன் சொன்னபோதே மயில்வாகனத்தின் நெஞ்சு ஓரங்குலம் பருத்துவிட்டது.

அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டு. தான் சீனியர் பாஸ் என்று அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததை ஒன்பது வருடமாக அவள் திருத்தவில்லை. பொறுமைசாலி என்றார்கள். பொறுமையல்ல என்பது அவளுக்கு மட்டும் தெரியும். தனியே வைத்துச் சிரிக்க அவளிடம் வேறெதுவும் இருக்கவில்லை.

இன்றைக்குச் சிரிக்க முடியவில்லை. மூன்று மணிக்குத்தான் அவர்களுடைய தண்ணீர் முறையும். எட்டு நாளைக்கு ஒருதரம், இரண்டு மணித்தியாலம். நெல் குடலையில், கதிர் வெளிவரும் தறுவாயில் நின்றது. இந்தத் தண்ணீர் தவறினால் பதர்தான். முறைக்காரர் மதகடியில் நில்லாவிட்டால் கீழ்வயற்காரர் தண்ணீரைத் தம் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். கேள்வி கேட்க முடியாது. வாய்க்கால் சட்டம் அது.

சீனி போடாமல் தேத்தண்ணி கொடுத்துப் பார்த்தாள். கசப்பில் எழுந்து போவார்கள் என்று நம்பினாள்.

"நல்ல சாயம்," என்று இரண்டாம்தரம் கேட்டார்கள்.

பின்பக்கம் போய் முருங்கையில் கட்டியிருந்த ஏரியல் கம்பியை இழுத்து அறுத்தாள். றேடியோ 'இஸ்ஸ்' என்று இரைந்தது.

"என்ன அண்ணை சத்தம்?"

"சனத்தின்ரை ஆரவாரம்!" என்றார் மயில்வாகனம்.

ரோசாக் கனவானின் இடைஞ்சல் நீங்கியதால் ஆட்டம் இன்னும் வேகமாக நடந்தது. ஐந்தாவது கோல், ஆறாவது கோல். அவள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு விறாந்தைக்கு வந்தாள்.

"இஞ்சேருங்கோ, தண்ணி முறை. நான் போறன்."

"சபை நடுவிலை மண்வெட்டியோடை வந்து நிக்கிறியே, வெக்கமில்லையே?"

"அக்கா ஏன் அந்தரப்படுறா?" என்றான் இளையதம்பி. "அடுத்த முறை எங்கடை எண்டு என்ரை மனுசி இராசமலர் மதகடியிலைதான் நிக்கிறா. எல்லாம் அவா பாத்துக்கொள்ளுவா."

"கேட்டியோ? போய்த் தேத்தண்ணியைப் போடு. சீனியும் போடு."

அவள் மண்வெட்டியைச் சாத்தினாள். இந்தக் கூட்டத்திலும் ஒரு மனிதன் இருக்கிறானே என்று நெஞ்சு இளகியது. அவனுடைய கோப்பைக்கு மட்டும் இரண்டு கரண்டி சீனி போட்டாள்.

ஆட்டத்தை முடிக்க மயில்வாகனம் வாயெடுத்தபோதெல்லாம், "இன்னும் நேரம் கிடக்கெல்லோ அண்ணை?" என்றான் இளையதம்பி. அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஏழு கோல், எட்டுக் கோல்.

"பாவம் அண்ணை, பர்மாக்காரனுக்கும் ஒண்டு குடுங்கோவன்."

மயில்வாகனம் பெரிய மனதோடு பர்மாவுக்கு ஒரு கோல் கொடுத்தார்.

ஐந்து மணிக்குப் படலையைத் திறந்துகொண்டு இராசமலர் வந்தாள். முழங்கால்வரை சேறு. அன்னபாக்கியம் கோப்பையோடு எதிரே ஓடினாள்.

"வா பிள்ளை, களைச்சுப்போனாய். தண்ணி நல்லாய்ப் பாஞ்சுதோ?"

இராசமலர் கோப்பையை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, விறாந்தையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்:

"இஞ்சேருங்கோ, எங்கட கீழ்வயல் வரம்பு முட்ட நிரம்பிப்போச்சு, எழும்புங்கோ! பேப்பரிலை கிடக்கிற பந்தாட்டம் நாளைக்குத்தானே?"